ஓட்டைத் தொட்டிக்கு யார் பணம் கொடுப்பது?



சென்ற காலாண்டில் நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றியதற்கு வவுச்சர் இருந்தது. புது ஆயில் எத்தனை லிட்டர், ஃபில்டர் என்ன விலை, கூலி எவ்வளவு, எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் எங்கே போனது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. செக்யூரிட்டியிடம் கேட்டேன். "மெக்கானிக்கே கேன்ல புடிச்சு எடுத்துட்டுப் போயிடுவாரு சார். சென்ட்ரிங் பலகைக்குப் பூசறவங்க வாங்கிக்குவாங்களாம்" என்றார்.

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பக்கம் வரவு இருந்தால் மறு பக்கம் பற்று எங்கே என்று தேடாமல் தூக்கம் வராது. அந்தத் தேடலில் படித்ததுதான் இந்தக் கட்டுரை. பழைய எண்ணெய்க்கும் பெட்ரோல் பங்க் தொட்டிகளுக்கும் கணக்கு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா மிகப் பெரிய செலவில் கற்றுக்கொண்டது. அந்தச் செலவை யார் தலையில் போடுவது என்பதற்கு அவர்கள் பல வழிகளை முயன்றார்கள். சில பலித்தன, சில கஜானாவைக் காலி செய்தன. நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

மண்ணுக்குள் இருபது லட்சம் தொட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் கார் பெருகியது, நெடுஞ்சாலை பெருகியது, சாலை முனைக்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஒவ்வொரு பங்கிலும் தரைக்கடியில் மூன்று நான்கு இரும்புத் தொட்டிகள். தீ விபத்துக்குப் பயந்து மண்ணுக்குள் புதைத்தார்கள். அது நியாயமான காரணம்தான். ஆனால் பெரும்பாலான தொட்டிகள் எந்தப் பூச்சும் பாதுகாப்பும் இல்லாத வெறும் இரும்பு. ஈர மண்ணில் கிடக்கும் வெறும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதற்குப் பொறியாளர் வேண்டாம், நம் வீட்டு மொட்டை மாடிக் கம்பியைப் பார்த்தாலே போதும்.

ஊசித் துளை அளவு ஓட்டை விழுந்தால் பங்க் முதலாளிக்குத் தெரியாது. தினமும் குச்சியை விட்டு அளவு பார்ப்பார். கொஞ்சம் குறைந்தால் ஆவியாகியிருக்கும், வெப்பத்தால் அளவு மாறியிருக்கும் என்று எழுதிவிடுவார். அந்தக் கொஞ்சம் தினமும் கசிந்து, வருடக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரைத் தொடும். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும்; அதிலுள்ள பென்சீன் போன்றவை தண்ணீரில் கரைந்து பக்கத்து வீட்டுக் கிணறு வரை போகும். பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வந்தபோதுதான் பல குடும்பங்களுக்கு விஷயமே தெரிந்தது.

1983-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இப்படிப் பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் காட்டியது. நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 1984 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் தரைக்கடித் தொட்டிகளுக்கென்று ஒரு தனிப் பகுதி சேர்ந்தது. முதல் வேலை, எத்தனை தொட்டி இருக்கிறது என்று எண்ணுவது. எண்ணிப் பார்த்தால் 20 லட்சத்துக்கும் மேல்.

பத்து காலனுக்கு ஒரு சென்ட்

எண்ணியாயிற்று. ஓட்டை விழுந்த இடத்தைச் சுத்தம் செய்ய யார் பணம் கொடுப்பது?

"கெடுத்தவன் கொடுக்கட்டும்" என்பதுதான் முதல் பதில். ஆனால் கெடுத்தவர்களில் பலர் இல்லை. பங்கை மூடிவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள், திவாலானவர்கள். இடம் கை மாறி இப்போது பலகாரக் கடையாக இருக்கும். அடியில் தொட்டி மட்டும் அப்படியே கிடக்கும்.

1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென ஒரு தனி நிதியை உருவாக்கியது. ஒரு காலன் எரிபொருளுக்கு 0.1 சென்ட் வரி. ஒரு காலன் என்பது சுமார் 3.8 லிட்டர். அதாவது காரில் பத்து காலன் நிரப்பினால் ஒரு சென்ட். நிரப்புகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அமெரிக்கா எரிக்கும் பெட்ரோலின் அளவுக்கு அது ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலராகச் சேர்ந்தது. கெடுத்தவர் யாரென்று தெரியாத இடத்திலும், அவரால் முடியாத இடத்திலும், அவர் மறுத்த இடத்திலும் அரசு முதலில் சுத்தம் செய்யும். மறுத்தவரிடம் பிறகு வசூலிக்கும். சிறு துளி பெரு வெள்ளம் என்பதை இவ்வளவு கச்சிதமாகச் செய்த வரி குறைவு.

உயிரோடு தொழில் நடத்துகிறவர்களுக்கு 1988-ல் வேறு விதி வந்தது. பழைய தொட்டியை மேம்படுத்து, அல்லது மாற்று, அல்லது மூடு. கெடு 10 ஆண்டு, 1998 டிசம்பர் 22 வரை. அதோடு இன்னொரு நிபந்தனை: கசிவு ஏற்பட்டால் 10 லட்சம் டாலர் வரை ஈடு கட்ட என்னால் முடியும் என்று ஒவ்வொரு பங்க் உரிமையாளரும் ஆதாரம் காட்ட வேண்டும்.

பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு இது பிரச்சினையில்லை. கிராமத்தில் மளிகைக் கடையோடு இரண்டு பம்ப் வைத்திருந்தவர் என்ன செய்வார்? இன்சூரன்ஸ் எடுக்கப் போனார். கம்பெனிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். எந்தத் தொட்டியில் ஓட்டை இருக்கிறது என்று தெரியாமல் இருபது வருட இரும்புக்கு யார் பாலிசி கொடுப்பார்கள்? ஒரு இடத்தைச் சுத்தம் செய்யச் சராசரியாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றால், பிரீமியம் எட்டாத உயரத்தில்தான் இருக்கும்.

அங்கேதான் மாநில அரசுகள் நுழைந்தன. பெரும்பாலான மாநிலங்கள் தாங்களே ஒரு நிதி தொடங்கின. காலனுக்கு இவ்வளவு, தொட்டிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலித்து, கசிவு வந்தால் சுத்தம் செய்யும் செலவை அதிலிருந்து கொடுத்தன. பெயர் நிதி என்றாலும் வேலை இன்சூரன்ஸ் வேலைதான். நம் கார் இன்சூரன்ஸில் முதல் ஆயிரம் ரூபாயை நாமே ஏற்பதுபோல, இங்கும் முதல் சில ஆயிரம் டாலரை உரிமையாளர் போட வேண்டும். அது இல்லாவிட்டால் எவரும் தொட்டியைக் கவனிக்க மாட்டார்கள்.

ஃப்ளோரிடாவின் பொதுமன்னிப்பு

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் பயமுறுத்தியதும் ஃப்ளோரிடா மாநிலம். அங்கே குடிநீரில் சுமார் 90 சதவீதம் நிலத்தடி நீர். அதுவும் ஆழம் குறைந்தது. மணல் மண். மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே போய்விடும்.

1986-ல் ஃப்ளோரிடா ஒரு சட்டம் போட்டது. அதில் முன்கூட்டிச் சொல்பவருக்கு ஊக்கம் தரும் திட்டம் ஒன்று. 1988 டிசம்பர் 31-க்குள் "என் இடத்தில் கசிவு இருக்கிறது" என்று தானே முன்வந்து சொல்பவரின் இடத்தை மாநிலச் செலவில் சுத்தம் செய்வோம் என்றது அரசு. நம் ஊரில் கணக்கில் வராத வருமானத்தைத் தானே அறிவித்தால் தண்டனை இல்லை என்று 1997-ல் ஒரு திட்டம் வந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இதன் தர்க்கம் எளிமையானது. தொட்டி ஓட்டை என்பது பங்க் முதலாளிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சொன்னால் அபராதம், செலவு, வழக்கு. சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, யாராவது கிணற்றில் வாடை பிடிக்கும் வரை. இந்த நிலையில் நல்ல மனிதரும் வாய் திறக்க மாட்டார். சொன்னால் லாபம் என்று ஆக்கினால்தான் சொல்வார். ஃப்ளோரிடாவில் ஆயிரக்கணக்கானவர்கள் சொன்னார்கள். மண்ணுக்குள் மறைந்திருந்த கணக்கு ஒரே நேரத்தில் மேலே வந்தது.

பிறகுதான் சிக்கல். உரிமையாளரே ஆளை வைத்துச் சுத்தம் செய்துவிட்டு, பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்ற முறை பெருகியது. அலுவலகத்தில் மருத்துவச் செலவு பில் பார்த்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். சுத்தம் செய்கிற கம்பெனிக்கு விலையைக் குறைக்கக் காரணமில்லை. உரிமையாளருக்குப் பேரம் பேசக் காரணமில்லை, ஏனென்றால் அவர் பணமில்லை. அவசரமான இடம் எது, பொறுக்கக்கூடிய இடம் எது என்ற வரிசையும் இல்லை; யார் முதலில் பில் கொடுக்கிறாரோ அவருக்கு முதலில் பணம். 1995-ல் கொடுக்கவேண்டிய பில் பாக்கி பல நூறு மில்லியன் டாலரைத் தொட்டது. சட்டமன்றம் அந்த முறையையே நிறுத்தியது.

அடுத்து வந்த முறையில் இரண்டு மாற்றம். வேலை தொடங்கும் முன்பே என்ன வேலை, என்ன செலவு என்று அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஆபத்தை அளந்து மதிப்பெண் போடுவார்கள். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் மதிப்பெண் அதிகம், அது வரிசையில் முன்னால். கடன் கொடுக்கும் முன் சாங்ஷன், பிறகுதான் பணம் என்று வங்கியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு மாநில அரசு அதைக் கற்க இவ்வளவு செலவு செய்திருக்கிறது.

இன்றும் ஃப்ளோரிடாவின் நிதிக்குப் பணம் எண்ணெய் மீதான வரியிலிருந்தே வருகிறது. நிதியின் கையிருப்பு குறையக் குறைய வரி ஏறும். ஒரு பீப்பாய்க்கு 80 சென்ட் வரை. ஒரு பீப்பாய் 42 காலன் என்பதால் காலனுக்கு 2 சென்ட்டுக்கும் குறைவு.

வங்கிக்கும் வந்த பயம்

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சிறு கிளைக்கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1990-ல் ஃப்ளீட் ஃபாக்டர்ஸ் என்ற வழக்கில், கடன் கொடுத்த நிறுவனமும் கடனாளியின் மாசுக்குப் பொறுப்பாகலாம் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது தொட்டி வழக்கு இல்லை, ஒரு துணி ஆலை வழக்கு. ஆனால் வங்கிகள் நடுங்கிவிட்டன. பங்கை அடமானம் பிடித்து, கடன் வாராமல் போய், சொத்தை எடுத்தால், ஓட்டைத் தொட்டியும் நம் தலையில் விழுமோ?

கடன் கிடைக்காவிட்டால் சிறு முதலாளி புதுத் தொட்டி எப்படி வாங்குவார்? சட்டம் மாற்று என்கிறது, வங்கி கொடுக்க மாட்டேன் என்கிறது. 1995-ல் தொட்டிகள் விஷயத்தில் கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பளிக்கும் விதி வந்தது. 1996-ல் சட்டமே வந்தது. அடமானம் வைத்திருப்பதால் மட்டும் வங்கி பொறுப்பாகாது என்று தெளிவானது. அரசு ஒரு பைசா செலவழிக்காமல் கொடுத்த ஊக்கம் இது.

1998 கெடு முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய தொட்டிகள் மூடப்பட்டன. அவற்றோடு பல சின்ன பங்க்குகளும் மூடப்பட்டன. அது உண்மையான இழப்புதான். இன்றுவரை அங்கே கண்டறியப்பட்ட கசிவுகள் 5.5 லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 5 லட்சம் இடங்கள் சுத்தமாகியுள்ளன. மீதிக்கு இன்னும் வேலை நடக்கிறது. சில எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் இன்சூரன்ஸிலும் பணம் வாங்கி, மாநில நிதியிலும் வாங்கியதாகச் சில மாநிலங்கள் வழக்குப் போட்ட கதையும் உண்டு. ஒரே பில்லுக்கு இரண்டு கிளெய்ம்! மனித இயல்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

தெருவில் தெளித்த எண்ணெய்

இனி நம் ஜெனரேட்டர் ஆயிலுக்கு வருகிறேன்.

மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று சுமார் 2,000 பேர் வாழ்ந்த சிற்றூர். மண் தெருக்கள், எப்போதும் புழுதி. 1970-களில் புழுதி அடங்க ஒரு கழிவு எண்ணெய் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி எண்ணெய் தெளித்தார்கள். அந்த எண்ணெயில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவும் கலந்திருந்தது. அதில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு. அதே ஆள் தெளித்த குதிரை மைதானங்களில் குதிரைகள் ஏற்கெனவே செத்திருந்தன. 1982 டிசம்பரில் ஊரில் பெருவெள்ளம். அதையொட்டி வந்த பரிசோதனை முடிவைப் பார்த்து யாரும் திரும்பிப் போக வேண்டாம் என்றார்கள். 1983-ல் அரசு ஊரையே விலைக்கு வாங்கியது. இன்று அங்கே ஊர் இல்லை. 1999-ல் திறந்த ஒரு பூங்கா இருக்கிறது.

கழிவு எண்ணெயில் எதைக் கலந்தாலும் தெரியாது. கறுப்பில் கறுப்பு. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்காவிட்டால் கடைசியில் யாரும் பொறுப்பில்லை.

இதற்கு என்ன வழி என்பதில் அமெரிக்காவில் பெரிய வாதம். கழிவு எண்ணெயை அபாயக் கழிவு என்று அறிவித்துவிட்டால் என்ன? அறிவித்தால் பங்க்குகளும் ஒர்க்‌ஷாப்புகளும் பயந்துபோய் வாங்க மாட்டார்கள். அங்கே பலர் வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுகிறார்கள். வாங்க ஆளில்லாவிட்டால் அதைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். ஒரு முறை ஆயில் மாற்றினால் கிடைக்கும் பழைய எண்ணெய் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு.

ஆகவே 1986 சட்டத்திலேயே பங்க் நடத்துபவர்களுக்கு ஒரு விலக்கு வைத்தார்கள். பொதுமக்கள் தங்கள் வண்டியிலிருந்து கொண்டுவரும் பழைய எண்ணெயை ஏற்று, வேறெதுவும் கலக்காமல், விதிப்படி மறுசுழற்சிக்கு அனுப்பினால், பின்னாளில் அந்த எண்ணெய் போன இடத்தில் மாசு வந்தாலும் அவர் மேல் வழக்கு வராது. 1992-ல் முகமை முடிவாகச் சொன்னது: மறுசுழற்சிக்குப் போகும் எண்ணெய்க்கு அபாயக் கழிவு முத்திரை வேண்டாம், ஆனால் வைத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் சுத்திகரிக்கவும் தனி விதிகள் உண்டு.

கலிஃபோர்னியா பணத்தையும் சேர்த்தது. அங்கே 1991 சட்டப்படி புது எண்ணெய் தயாரித்து விற்பவர் ஒரு குவார்ட்டுக்கு 4 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. ஒரு குவார்ட் என்பது கால் காலன், லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய எண்ணெயைச் சான்று பெற்ற மையத்தில் கொடுப்பவருக்கு அதிலிருந்து பணம் திரும்பக் கிடைக்கும். சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டித் திரும்ப வாங்கிய காலம் நமக்கு நினைவிருக்கிறதே, அதே யோசனைதான். 2009-ல் சட்டத்தைத் திருத்தித் தொகையை உயர்த்தினார்கள்.

ஆஸ்திரேலியா இன்னும் நுணுக்கமாகச் செய்தது. அங்கே 2001 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் புது எண்ணெய்க்கு ஆரம்ப ஆண்டுகளில் லிட்டருக்கு 5 சென்ட்டுக்குச் சற்று மேல் வரி இருந்தது. பழைய எண்ணெயை மீண்டும் புது லூப் ஆயில் தரத்துக்குச் சுத்திகரித்தால் லிட்டருக்கு 50 சென்ட் ஊக்கத்தொகை. அடுப்பில் எரிக்கும் எண்ணெயாக மாற்றினால் சில சென்ட் மட்டுமே. எரித்துத் தீர்ப்பது சுலபம் என்பதால் அதற்குக் குறைவு, திரும்பப் பயன்படுத்துவது கடினம் என்பதால் அதற்கு அதிகம்.

நம் பக்கம்

நம் நாட்டில் பங்க்கின் தொட்டியும் பம்பும் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்துடையவை, டீலர் நடத்துகிறார். அதனால் அமெரிக்கச் சிறு முதலாளியின் கதை இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் பழைய எண்ணெய் விஷயத்தில் நாமும் அதே பாதைக்கு வந்திருக்கிறோம். 2024 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் புது விதிப்படி, லூப் ஆயில் தயாரிப்பாளர்கள் தாங்கள் விற்றதில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆனதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். 2024-25-ல் 5 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 50 சதவீதம் வரை போகும். பதிவு பெற்ற சுத்திகரிப்பாளர் அந்தச் சான்றிதழை உருவாக்குவார். தயாரிப்பாளர் அதை விலைக்கு வாங்குவார். அரசு கஜானாவிலிருந்து மானியம் இல்லை; உற்பத்தியாளர் பணம் மறுசுழற்சி செய்பவருக்குப் போகிறது.

ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நம் ஜெனரேட்டர் அறை. அங்கிருந்து கேனில் போன எண்ணெய் சென்ட்ரிங் பலகைக்குப் போனால், கான்கிரீட்டைத் தொட்டு, மழையில் கரைந்து, மண்ணுக்குத்தான் போகும். நம் போர்வெல்லும் அதே மண்ணில்தான் இருக்கிறது. மெக்கானிக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு மூன்று சிறு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஜெனரேட்டர் ஆயிலை வடிக்க மூடியுள்ள ஒரு தனி கேன். அதில் பெயின்ட், தின்னர், தண்ணீர் எதுவும் ஊற்றக் கூடாது. இரண்டு, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுப்பது; அவர் தரும் ரசீதை ஆயில் மாற்றிய வவுச்சரோடு இணைப்பது. மூன்று, அதில் கிடைக்கும் பணம் எவ்வளவு சிறியதானாலும் வரவில் எழுதுவது.

அடுத்த ஆண்டு கணக்கைச் சரிபார்ப்பவர் யாராக இருந்தாலும், பழைய ஆயில் எங்கே போனது என்று அவர் செக்யூரிட்டியிடம் போய்க் கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.